அப்பாவுக்கு வாங்கிய செரிமான சிரப்பு: கஞ்சித் தம்ளரில் வைத்துப் பார்த்த கதை

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவுக்கு 82 வயது. 15 மா நிலத்தில் குறுவையும் தாளடியுமாக ஆயுசு முழுக்கச் சேற்றில் நின்றவர். நான் ஒரு பள்ளியின் அறிவியல் ஆய்வகத்தில் 31 வருஷம் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். மருந்துக்கடையில் "செரிமானத்துக்கு" என்று எடுத்துக் கொடுக்கிறார்களே மஞ்சள் நிற என்சைம் (நொதி) சிரப்பு, அதை அப்பாவுக்கு ஒன்றரை மாதம் கொடுத்தேன். என் அனுபவத்தை முழுசாக எழுதிவிடுகிறேன். வயசானவர்கள் இருக்கிற வீட்டில் யாருக்காவது உதவும்.

கம்பெனி பெயரை எழுதவில்லை. எழுத அவசியமும் இல்லை. பல கம்பெனிகள் பல பெயரில் விற்றாலும் லேபிளைத் திருப்பினால் பெரும்பாலும் இரண்டே சரக்குதான்: மாவுச்சத்தை உடைக்கிற ஃபங்கல் (பூஞ்சணத்தில் எடுத்த) டயஸ்டேஸ், புரதத்தை உடைக்கிற பெப்சின். நான் வாங்கியது 200 மி.லி. பாட்டில், 130 ரூபாய். அன்னாசிப்பழ வாசனை, பாகு மாதிரி இனிப்பு. சர்க்கரை வியாதிக்காரர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இந்த இனிப்பைத்தான். இரண்டாம் நாளே மூடியைச் சுற்றி எறும்பு மொய்த்தது. அளவு மூடி நன்றாக இருக்கிறது, கோடு தெளிவாகத் தெரிகிறது. பாட்டிலைப் பற்றி இவ்வளவு போதும்.

தை மாசம் சம்பா அறுவடை. இப்போது எல்லாம் மெஷின் அறுப்புதானே, களத்தில் நிற்கிறவர் மேல் தூசி மழையாகக் கொட்டும். அப்பாவுக்குத் தும்மல் பிடித்தது. யாரோ சொல்லித் தினம் ராத்திரி ஒரு தும்மல் மாத்திரை போட ஆரம்பித்தார். தும்மல் நின்றது, மாத்திரை நிற்கவில்லை. போட்டால் தூக்கம் நன்றாக வருகிறது என்று அவரே தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அது தெரியாது. பங்குனியில் வயிறு படுத்த ஆரம்பித்தது. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தால் நாலு மணி வரைக்கும் ஏப்பம். "கல்லு மாதிரி நிக்குது அம்மாடி" என்று மேல் வயிற்றைத் தடவுவார். டாக்டரிடம் அழைத்துப் போனேன். ரத்தம், ஸ்கேன் எல்லாம் பார்த்தார்கள், பயப்பட ஒன்றும் இல்லை. மூட்டு வலிக்கு மாத்திரை சாப்பிடுகிறாரே என்று காலையில் வெறும் வயிற்றில் போட ஏற்கெனவே பான்டோப்ரசோல் என்ற அமில மாத்திரை கொடுத்திருந்தார்கள், அது அப்படியே தொடர்ந்தது. சிரப்பை எழுதிக் கொடுத்தது டாக்டர் இல்லை. மருந்துக்கடையில் நான் கேட்டேன், கொடுத்தார்கள். அவருக்கு வேறு என்ன மாத்திரை ஓடுகிறது என்று கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பத்து நாள் கொடுத்தேன். பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஏப்பம் கொஞ்சம் குறைந்த மாதிரி ஒரு நாள், மறுநாள் பழையபடி. சிரப்பு வேலை செய்யவில்லையா, வேலை செய்தும் அப்பாவுக்குப் பயன்படவில்லையா என்ற கேள்வி எனக்கு வந்தது. இரண்டும் வேறு வேறு விஷயம். முதல் கேள்விக்குப் பதில் எங்கள் அடுப்படியிலேயே கிடைக்கும்.

லேபிளில் 5 மி.லி.க்கு டயஸ்டேஸ் 50 மி.கி., பெப்சின் 10 மி.கி. என்று போட்டு, பக்கத்தில் 1:1200, 1:3000 என்று இரண்டு விகிதம் போட்டிருக்கும். பலரும் அதைப் பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். ஒரு பங்கு டயஸ்டேஸ் தனக்கு 1200 மடங்கு ஸ்டார்ச்சைக் கரைக்கும், ஒரு பங்கு பெப்சின் 3000 மடங்கு வெந்த முட்டை வெள்ளைக்கருவைக் கரைக்கும் என்று பொருள். கணக்குப் போட்டால் ஒரு ஸ்பூன் சிரப்பு 60 கிராம் மாவுச்சத்தையும் 30 கிராம் வெள்ளைக்கருவையும் கரைக்க வேண்டும். 60 கிராம் மாவுச்சத்து என்பது 200 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வெந்த சோறு. 30 கிராம் என்பது ஏறக்குறைய ஒரு முட்டையின் வெள்ளை. ஆனால் இது சோதனைக்குழாயில், அந்தந்த நொதிக்குப் பிடித்த சூட்டிலும் பிடித்த புளிப்பிலும் வைத்துப் பார்த்த கணக்கு. மனுஷன் வயிறு சோதனைக்குழாய் இல்லை.

சோதனையைச் செய்த விதத்தைச் சொல்கிறேன். பச்சரிசி மாவு ஒரு ஸ்பூன், தண்ணீர் ஒரு பெரிய தம்ளர், கட்டியில்லாமல் காய்ச்சிக் கை பொறுக்கும் சூடு வரை ஆற விட்டேன். இந்த ஆறுவது முக்கியம். கொதிக்கிற கஞ்சியில் ஊற்றினால் நொதி வெந்து செத்துவிடும், அதுவும் புரதம்தானே. புண்ணுக்குப் போடும் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து தேயிலைத் தண்ணீர் நிறத்துக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் தரை போட்டபோது மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் துண்டு ஒன்று இருந்தது, அதைக் கழுவித் துடைத்து அயோடினை வரிசையாகச் சொட்டு வைத்தேன். கஞ்சியில் ஒரு சொட்டு எடுத்து அதன்மேல் விட்டால் கருநீலம். மாவுச்சத்து இருக்கும்வரை அந்த நீலம் வரும்.

முதலில் சிரப்பில் மட்டும் அயோடின் விட்டுப் பார்த்தேன். சில சிரப்பில் வைட்டமின் சி சேர்ந்திருக்கும். அது அயோடினின் நிறத்தைத் தானே வெளுக்கடிக்கும், நாம் நொதிதான் வேலை செய்தது என்று ஏமாந்துவிடுவோம். இந்தச் சிரப்பில் நிறம் அப்படியே நின்றது. பிறகுதான் கஞ்சியை மூன்று தம்ளரில் பிரித்தேன். ஒன்றில் எதுவும் சேர்க்கவில்லை. இரண்டாவதில் அரை ஸ்பூன் சிரப்பு. மூன்றாவதில் உமிழ்நீர்.

சிரப்பு விட்ட தம்ளரைக் கரண்டியால் கிளறும்போதே கைக்குத் தெரிந்தது. கரண்டியில் ஒட்டி வழிந்த கஞ்சி மூன்று நிமிஷத்தில் நீர்மோர் மாதிரி ஓட ஆரம்பித்துவிட்டது. டைல்ஸில் இரண்டு நிமிஷத்துக்கு ஒரு சொட்டு. முதல் சொட்டு கருநீலம், அடுத்தது கத்தரிப்பூ நிறம், அதற்கடுத்தது செங்கல் சிவப்பு, எட்டாவது நிமிஷச் சொட்டில் அயோடினின் சொந்த மஞ்சள் மட்டும். நடுவில் வருகிற அந்தச் செங்கல் நிறம் பாதி உடைந்த மாவுச்சத்து, டெக்ஸ்ட்ரின் என்பார்கள். ஒன்றும் சேர்க்காத தம்ளர் கடைசிவரை நீலம்தான். ஆக, டயஸ்டேஸ் பாட்டிலுக்குள் உயிரோடு இருக்கிறது. அந்த வகையில் காசு வீணில்லை.

இதில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதற்கு முன்னால் வேறொரு கடையில் ஒரு பாட்டில் வாங்கியிருந்தேன். மேற்குப் பார்த்த கடை, சாயங்கால வெயில் நேரே அலமாரியில் அடிக்கும். அந்தப் பாட்டிலில் மிச்சமிருந்ததையும் அன்றைக்கே சோதித்தேன். 25 நிமிஷம் கழித்தும் சொட்டு கத்தரிப்பூ நிறத்திலேயே நின்றது. தேதி முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. சித்திரை வெயிலில் நொதி மருந்து இப்படித்தான் ஆகும். வாங்குகிறவர்கள் நிழலில், குளிர்ச்சியில் வைத்திருக்கிற கடையாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டிலும் ஜன்னல் மாடத்தில் வைக்காதீர்கள்.

மூன்றாவது தம்ளர் பாக்கி. உமிழ்நீர் வேண்டுமே, அப்பாவைக் கூப்பிட்டு ஒரு ஸ்பூன் வெந்நீரை வாயில் வைத்துக் கொப்பளித்து, எச்சிலோடு கிண்ணத்தில் துப்பச் சொன்னேன். துப்பினார். வெறும் தண்ணீர். மறுபடி சொன்னேன். நாக்கைச் சுழற்றிப் பார்த்தார், கன்னத்தை உள்ளே இழுத்துப் பார்த்தார். "வர மாட்டேங்குது அம்மாடி, வாய் காஞ்சு கெடக்கு. ரொம்ப நாளாவே இப்படித்தான்" என்றார். கிண்ணத்தில் இருந்ததைக் கஞ்சியில் விட்டேன். அரை மணி நேரம் ஆகியும் நீலம் மாறவில்லை. என் எச்சிலை இன்னொரு தம்ளரில் விட்டேன், ஐந்து நிமிஷத்தில் மஞ்சள்.

அந்த டைல்ஸ் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒரு பக்கம் எனக்குச் சில சொட்டிலேயே வெளுத்த வரிசை, மறுபக்கம் அப்பாவுக்குப் பதினைந்து சொட்டும் நீலமாக ஒரு வரிசை. நல்ல உடம்பில் ஒரு நாளைக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் ஊறும். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அது வற்றிப்போயிருக்கிறது, நான் பாட்டில் பாட்டிலாக வயிற்றுக்கு மருந்து தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

உமிழ்நீரில் இருக்கிற அமைலேஸும் பாட்டிலில் இருக்கிற டயஸ்டேஸும் ஒரே வேலை செய்கிற உறவுக்காரர்கள்தான். நம்முடையது புளிப்பும் சோடாக் காரமும் இல்லாத நடுநிலையில், பி.எச். 6.8 வாக்கில் நன்றாக ஓடும் (பி.எச். என்பது புளிப்பை அளக்கிற எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்). இரைப்பை அமிலத்தில் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடும். பாட்டிலில் இருப்பது அஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்ற பூஞ்சணத்தில் எடுப்பது. அது கொஞ்சம் புளிப்பையும் தாங்கும், பி.எச். 5 பக்கம்தான் அதற்கு இஷ்டம். ஜப்பானில் அரிசியைப் புளிக்க வைக்க அந்தப் பூஞ்சணத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள். அங்கே பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஜோகிச்சி தக்காமினே என்ற வேதியியலாளர் 1894இல் அதிலிருந்து டயஸ்டேஸைப் பிரித்தெடுக்கக் காப்புரிமை வாங்கி மருந்தாக்கினார். அன்றைக்கு ஆரம்பித்த வம்சம்தான் இன்றைக்கு நம்மூர்ப் பாட்டிலில் இருப்பது. அரிசி தின்கிற ஊரில் பிறந்த மருந்து அரிசி தின்கிற நமக்கு வந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு அதன்மேல் ஒரு மரியாதைதான்.

ஆனால் ஸ்பூனில் குடிப்பதற்கும் மென்று ஊறுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. மென்று விழுங்கிய சோற்று உருண்டைக்குள் உமிழ்நீர் கலந்திருக்கும். இரைப்பை அமிலம் வெளியிலிருந்து உள்ளே நனைத்து வருவதற்குள், உருண்டைக்கு நடுவே அமைலேஸ் நல்ல நேரம் வேலை பார்க்கும். அப்பா சாப்பிடுகிறதை அன்றைக்கு மத்தியானம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ரசம் சாதத்தை அவர் சாப்பிடவில்லை, குடித்தார். கூட்டில் இருந்த கொண்டைக்கடலை அப்படியே போனது. பல்செட் மேல்தாடையில் நிற்காமல் ஆடுகிறது, மெல்லும்போது கழன்று வருகிறது என்று அப்போதுதான் சொன்னார். ஈரமில்லாத வாயில் பல்செட் பிடிக்காது. பல்செட் பிடிக்காவிட்டால் மெல்ல முடியாது. மெல்லாவிட்டால் இருக்கிற கொஞ்சம் உமிழ்நீரும் ஊறாது.

"நொறுங்கத் தின்னா நூறு வயசும்பாங்க எங்க அப்பா" என்றார். "நானும் உங்களுக்கெல்லாம் அதைச் சொல்லித்தான் வளத்தேன். இப்ப எனக்கே முடியல."

எதிர்த் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பசு படுத்து அசை போட்டுக்கொண்டிருந்தது. "அது மாதிரி மென்னாத்தான் செரிக்கும்" என்று காட்டினார். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். பசுவின் உமிழ்நீரில் அமைலேஸ் கிடையாது. ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் ஊறுகிறது, அவ்வளவும் சோடா உப்புத் தண்ணீர். வைக்கோலைப் புளிக்க வைக்கிற முதல் வயிற்றில் அமிலம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ளத்தான் அது. நம்முடைய இரைப்பைக்குச் சமமானது அதன் நாலாவது அறை. அமிலமும் பெப்சினும் அங்கேதான் சுரக்கும். பால்குடிக் கன்றுக்கு அந்த அறையில் ரென்னின் என்ற இன்னொரு நொதியும் உண்டு, குடித்த பாலை உறைய வைத்து வயிற்றில் நின்று செரிக்கச் செய்யும். நாய்க்கும் வாயில் சொல்லிக்கொள்கிற மாதிரி அமைலேஸ் இல்லை, கணையத்தில்தான் உண்டு. அது லபக்கென்று விழுங்கினால் வாயில் இழக்க ஒன்றும் இல்லை. நமக்கும் எலிக்கும் பன்றிக்கும் வாயிலேயே மாவுச்சத்து உடைகிற வேலை தொடங்கிவிடுகிறது. பாலூட்டிகள் எல்லாம் ஒரே மாதிரி என்று நினைக்கக் கூடாது, அது அது தின்கிற தீனிக்குத் தக்க வாயும் வயிறும்.

இத்தனையும் கேட்டுவிட்டு, "வயித்துக்குள்ள என்ன நடக்குதுன்னு யாரு போயிப் பாத்தா?" என்றார். நல்ல கேள்வி. பார்த்தவர் இருக்கிறார். 1822இல் அமெரிக்காவில் மேக்கினாக் தீவில் அலெக்ஸிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞனுக்கு வயிற்றுப் பக்கம் துப்பாக்கிக் குண்டு பட்டது. உயிர் பிழைத்தான், ஆனால் இரைப்பைக்குள் போகும் ஓட்டை மூடவே இல்லை. வைத்தியம் பார்த்த வில்லியம் போமான்ட், பட்டு நூலில் இறைச்சித் துண்டைக் கட்டி அந்த ஓட்டை வழியே உள்ளே விட்டு, மணிக்கணக்கு பார்த்து இழுத்துச் சோதித்தார். இரைப்பை நீரை வெளியே எடுத்து, கதகதப்பாக வைத்த புட்டியிலும் இறைச்சியைக் கரைத்துக் காட்டினார். 1833இல் புத்தகமாகவும் போட்டார். மூன்று வருஷம் கழித்து தியோடர் ஷ்வான் என்ற ஜெர்மன் விஞ்ஞானி, அமிலம் மட்டும் காரணம் இல்லை, கூட ஒரு பொருள் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் பெப்சின் என்று பேர் வைத்தார். அப்பா அந்த இளைஞனை நினைத்து "பாவம், அந்தப் புள்ள எத்தனை தடவை நூலை விட்டுக் காட்டியிருக்கும்" என்றார். எனக்கும் அந்தப் பாடம் வரும்போதெல்லாம் அதுதான் தோன்றும்.

இனி பெப்சின். இந்த சிரப்பில் என் மனத்தாங்கல் எல்லாம் இதில்தான்.

பெப்சின் அமிலம் இருந்தால்தான் வேலை செய்யும். பி.எச். 2 வாக்கில் நன்றாக ஓடும், 5ஐத் தாண்டினால் கிட்டத்தட்டப் படுத்துவிடும். அப்பா காலையில் போடுகிற பான்டோப்ரசோல் அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை. காலையில் அமிலத்தைக் குறைத்துவிட்டு மத்தியானம் அமிலத்தை நம்பி வாழ்கிற நொதியை ஊற்றினால் என்ன பிரயோசனம்? பக்கத்து வீட்டில் சொல்லி அவர்கள் கொல்லையில் மூன்று கண்ணாடித் தம்ளர் வைத்தேன். எங்கள் வீட்டில் முட்டை சேராது. வெந்த வெள்ளைக்கருவை நகக்கண் அளவு துண்டாக வெட்டி, ஒன்றில் எலுமிச்சைச் சாற்றுத் தண்ணீரும் சிரப்பும், ஒன்றில் எலுமிச்சைத் தண்ணீர் மட்டும், மூன்றாவதில் ஆப்ப சோடாத் தண்ணீரும் சிரப்பும். ராத்திரி முழுக்க வெதுவெதுப்பான வெந்நீர்ப் பானைக்குள் இறக்கி வைத்தேன். காலையில் பார்த்தால் முதல் தம்ளரில் துண்டின் முனையெல்லாம் கரைந்து, கண்ணாடி மாதிரி ஊடு தெரிந்தது. எலுமிச்சை மட்டும் இருந்ததில் துண்டு அப்படியே. சோடாவில் வெட்டின முனை வெட்டினபடி கூர்மையாக இருந்தது, சிரப்பு இருந்தும். அமிலத்துக்கான மாத்திரையை யாரையும் தானாக நிறுத்த நான் சொல்லவில்லை, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இந்தச் சிரப்பில் பாதிச் சரக்கு வீண் என்பதைக் கடையில் ஒரு வார்த்தை சொல்லலாம் இல்லையா?

அடுத்தது இதைவிடப் பெரியது. அப்பா வடலூர் வழி. தைப்பூசத்துக்கு ஜோதி தரிசனம் தவறவிட்டதில்லை. 1867இல் வள்ளலார் மூட்டிய அணையா அடுப்புக்கு எங்கள் வீட்டு நெல் வருஷா வருஷம் போகும். 40 வருஷமாகக் கொல்லாமை, புலால் மறுத்தல். பெப்சின் எதிலிருந்து எடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், 31 வருஷம் அந்தப் பழுப்புப் பொடி டப்பாவை அலமாரியில் அடுக்கியவள் நான். பெரும்பாலும் பன்றியின் இரைப்பை உட்சுவரிலிருந்துதான். தெரிந்திருந்தும் லேபிளில் அந்தப் பேரைப் படித்தபோது எனக்கு உறைக்கவில்லை. முக்கால் பாட்டில் அவருக்கு ஊற்றிக் கொடுத்த பிறகு, வெள்ளைக்கருத் துண்டை வெட்டிக்கொண்டிருக்கும்போது உறைத்தது.

பாட்டிலில் பச்சைப் புள்ளியும் இல்லை, பழுப்பு முக்கோணமும் இல்லை. பிஸ்கட் பாக்கெட்டில் பார்க்கிறோமே, அந்த மாதிரி எதுவும் இல்லை. லேபிளில் இருந்த வாடிக்கையாளர் எண்ணுக்குப் போன் பண்ணினேன். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். "விலங்கு மூலம், மேடம்" என்றார் அந்தப் பெண். எந்த விலங்கு என்று கேட்டேன். "அந்தத் தகவல் எங்ககிட்ட இல்லை" என்றார். மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் அந்த இரண்டு சொல்லை அட்டைப் பெட்டியில் ஒரு ஓரத்தில் அச்சடிக்க எத்தனை மை செலவாகும்? டயஸ்டேஸுக்கு முன்னால் "ஃபங்கல்" என்று போடத் தெரிகிறது. பெப்சினுக்கு முன்னால் மட்டும் எதுவும் இல்லை. சைவம் சாப்பிடுகிறவர்களும், பன்றி விலக்கு உள்ள இஸ்லாமியர்களும் நாகூரிலிருந்து கும்பகோணம் வரைக்கும் எத்தனை லட்சம் பேர் இங்கே இருக்கிறோம். யார் வீட்டு அலமாரியில் இது இல்லை?

அப்பாவிடம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று என் தம்பி சொன்னான். என்னால் முடியவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நீ தெரிஞ்சு குடுக்கல" என்றார். "இன்னும் எத்தனை பேரு தெரியாம குடிக்கிறாங்களோ, அவங்களுக்குச் சொல்லு." அன்று ராத்திரி சாப்பிடவில்லை. நான் எழுத உட்கார்ந்ததற்கு முதல் காரணம் அவர் சொன்ன அந்த வார்த்தைதான்.

சிரப்பை அன்றோடு நிறுத்தினோம். வாய் வறட்சியை டாக்டரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "தும்மலுக்கு ஏதாவது மாத்திரை போடுறாரா?" மருந்துப் பையைக் கொட்டினால் நாலு அட்டை. இந்த வகை மாத்திரை வாயை உலர்த்தும், வயசானவர்களுக்கு இன்னும் அதிகம் என்று சொல்லி நிறுத்தினார். பல் டாக்டர் பல்செட்டின் உள்பக்கம் புதுசாகப் பூசித் தாடைக்குச் சரியாகப் பொருத்திக் கொடுத்தார், சிரப்புப் பாட்டில் பத்து வாங்குகிற செலவு ஆனது. சாப்பாட்டுக்கு முன்னால் உப்பு நாரத்தங்காய் ஒரு துணுக்கு நாக்கில் வைத்துக்கொள்கிறார், புளிப்புப் பட்டால் உமிழ்நீர் ஊறும். பழைய பழக்கத்தில் தாம்பூலம் கேட்டார். கும்பகோணத்துக் கொழுந்து வெற்றிலை வாங்கிக் கொடுத்தேன், பாக்கு மட்டும் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பாக்கு புற்றுநோய் தரும் என்பது உறுதியான விஷயம், அதில் சமரசம் இல்லை.

மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்து சேர்ந்த வாரம் மறுபடி கஞ்சி காய்ச்சினேன். அப்பா கொப்பளித்துத் துப்பினார், இந்தத் தடவை நுரை இருந்தது. ஏழாவது நிமிஷத்தில் சொட்டு மஞ்சள். அவருக்கு அந்த டைல்ஸைக் காட்டினேன், கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு சொட்டாகப் பார்த்தார். மத்தியானம் வெறும் சோற்றை ஒரு வாய் எடுத்து மெல்லச் சொன்னேன், முழுங்காமல் ஒரு நிமிஷம். "இனிக்குது" என்றார். மாவுச்சத்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரையாக மாறுகிற இனிப்பு அது. ஏப்பம் இப்போது எப்போதாவதுதான், நாலு மணி வரைக்கும் படுத்துகிற கல் போய்விட்டது.

யாருக்கு வாங்கலாம் என்று கேட்டால், விருந்துக்கு அப்புறம் ஒரு நாள் மந்தம் என்றால் இந்தச் சிரப்பு கெடுதல் இல்லை, சோற்றை உடைக்கிற பாதி நிஜமாகவே வேலை செய்கிறது. நல்ல கணையம் உள்ளவருக்கு அது கட்டாயமும் இல்லை, மாவுச்சத்தின் பெரும்பங்கு சிறுகுடலில் கணைய நீரால்தான் உடைகிறது. கணையமே கெட்டுப்போனவர்களுக்கு இது போதாது, அவர்களுக்கு டாக்டர் எழுதித் தருகிற வேறு காப்ஸ்யூல் இருக்கிறது. சர்க்கரை இருந்தால் வேண்டாம். அமில மாத்திரை ஓடினால் பெப்சினுக்குக் காசு கொடுக்காதீர்கள். சைவம் என்றால் டயஸ்டேஸ் மட்டும் இருக்கிறதா என்று கேட்டு, லேபிளை நீங்களே படித்து வாங்குங்கள். மாதக்கணக்கில் தொடர்ந்து ஏப்பமோ வயிற்று இறுக்கமோ இருந்தால் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் சாப்பிடும்போது ஒரு நாளாவது பக்கத்தில் உட்காருங்கள், மருந்துப் பையைக் கொட்டிப் பாருங்கள். ஐந்துக்கு இரண்டு கொடுக்கிறேன், இரண்டும் டயஸ்டேஸுக்கு.

பாட்டிலில் மிஞ்சிய கால் பங்கை நான் வேலை பார்த்த பள்ளிக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். விலங்கியல் செய்முறையில் சோதனைக்குழாயில் எச்சில் துப்பச் சொன்னால் பெண் பிள்ளைகள் கூச்சப்பட்டுக்கொண்டு நிற்கும், வருஷா வருஷம் பார்த்திருக்கிறேன். இப்போது இருக்கிற உதவியாளர் அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, மேலே சீட்டு ஒட்டி எழுதினார்: டயஸ்டேஸ், பூஞ்சணம். பெப்சின், பன்றி.